வாலில் இருந்த ஐந்து எழுத்துகள்

2022 யூலை 14 மத்தியானம். எங்களில் அநேகம் பேர் அப்ப ஏ.எல். படிச்சுக்கொண்டிருந்தம். பரீட்சை எப்ப வரும் எண்டு தெரியாது, கரண்ட் எப்ப போகும் எண்டு தெரியாது, பெற்றோல் வரிசை எங்க முடியுது எண்டும் தெரியாது. ஆனால் ஒரு விமானம் அந்த நிமிஷம் கடலுக்கு மேலே எந்த இடத்தில் பறக்குது என்பது மட்டும் வீட்டில் எல்லாருக்கும் தெரிஞ்சிருந்தது. மாலைதீவிலிருந்து சிங்கப்பூருக்குப் போய்க்கொண்டிருந்த சவூதியா நிறுவனத்தின் எஸ்.வி. 788. உள்ளே இருந்தவர் கோட்டாபய ராஜபக்ச. விமானங்களின் பாதையைக் காட்டும் பிளைட்ராடார்24 தளத்தில் அந்நேரம் உலகிலேயே அதிகம் பேர் பின்தொடர்ந்த விமானம் அதுதான். போனில் ஒரு சின்ன மஞ்சள் குறி மெதுவாக நகர்ந்துகொண்டிருந்தது. அம்மம்மாவும் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வந்து எட்டிப் பார்த்தா.

அந்த மஞ்சள் குறிக்கு ஒரு முன்கதை இருக்கு. அதுக்கு 15 வருஷங்களுக்கு முந்தி, இன்னொரு நாட்டில், ஒரு குடும்பமே ஆட்சியாக இருந்த காலத்தில், ஒரு சாதாரண ஆள் ஜனாதிபதியின் விமானத்தை இணையத்தில் பின்தொடர்ந்தார். அந்த நாடு துனிசியா. 'போன் இருந்தால் எல்லாரும் ஊடகவியலாளர்தான்' என்று நாங்கள் இப்போது லேசாகச் சொல்கிறோம். துனிசியர்கள் 20 வருஷமாகச் செய்ததைப் பார்த்தால், அது லேசான வேலையும் இல்லை, ஒருமுறை செய்து முடித்துவிடுகிற வேலையும் இல்லை என்று விளங்கும்.

அம்மார் என்ற இல்லாத ஆள்

ஸைன் அல் ஆபிதீன் பென் அலி 1987 நவம்பர் 7 அன்று ஆட்சிக்கு வந்தார். வெளியாட்களுக்குத் துனிசியா அழகான நாடு: கடற்கரை, சுற்றுலாப் பயணிகள், ஒலிவ் தோட்டம், ஒழுங்கான வீதி. உள்ளே பத்திரிகை முழுவதும் ஜனாதிபதியின் படம். இணையம் வந்தபோது அரசாங்கம் அதையும் அதே ஒழுங்குக்குள் கொண்டுவரப் பார்த்தது.

ஸுஹைர் யஹ்யாவி என்ற இளைஞர் 2001இல் 'துனெசீன்' என்ற பகிடித் தளம் ஒன்றை நடத்தினார். வாசகர்களிடம் ஒரு கருத்துக்கணிப்புக் கேட்டார்: துனிசியா குடியரசா, முடியரசா, மிருகக்காட்சிச்சாலையா, சிறையா? 2002 யூன் மாதம் ஓர் இணையக் கபேயில் வைத்து அவரைப் பிடித்தார்கள். சித்திரவதை, உண்ணாவிரதம், சிறை என்று ஒன்றரை வருஷத்துக்குக் கிட்ட. வெளியே வந்தவர் 2005 மார்ச் 13 அன்று மாரடைப்பால் இறந்தார். வயது 37. ஒரு கேள்விக்கு அவர் கொடுத்த விலை அது.

தடைசெய்யப்பட்ட தளங்களைத் திறந்தால் 'தடை' என்று வராது. '404, பக்கம் இல்லை' என்றுதான் வரும். அரசாங்கம் தடுக்கவில்லை, அப்படியொரு பக்கமே உலகத்தில் இல்லை என்கிற மாதிரி. துனிசிய இளைஞர்கள் அந்தப் பொய்க்கு ஒரு பெயர் வைத்தார்கள்: அம்மார். எங்கேயோ ஓர் அறையில் அம்மார் என்ற ஆள் குந்தியிருந்து ஒவ்வொரு பக்கமாக வெட்டிக்கொண்டிருக்கிறார் என்ற கற்பனை. 'அம்மார் 404' என்பது பிறகு கேலிச்சித்திரமானது, சுலோகமானது. பயத்துக்கு ஒரு பட்டப்பெயர் கிடைத்தவுடன் சனம் அதைப் பற்றிக் கதைக்கத் தொடங்கிவிடும். எங்கட ஊர்களிலும் இது நடந்ததுதானே.

விமானம் எங்கே போனது?

2004இல் சில துனிசியர்கள் சேர்ந்து 'நவாத்' என்ற தளத்தைத் தொடங்கினார்கள். அநேகமானோர் நாட்டுக்கு வெளியே இருந்தவர்கள். அதில் 'அஸ்த்ரூபால்' என்ற புனைபெயரில் எழுதிய ஒருவர் 2007இல் ஒரு காணொளியை வெளியிட்டார்.

அவர் செய்தது இதுதான். ஒவ்வொரு விமானத்தின் பின்பகுதியிலும் அதன் பதிவு எழுத்துகள் இருக்கும், வாகன இலக்கத்தகடு மாதிரி. துனிசிய ஜனாதிபதியின் போயிங் 737 விமானத்துக்கு ரி.எஸ்-ஐ.ஓ.ஓ. உலகம் முழுவதும் விமானங்களைப் படமெடுப்பதையே பொழுதுபோக்காக வைத்திருக்கிறவர்கள் இருக்கிறார்கள். விமான நிலைய வேலிக்கு வெளியே, வெயிலிலும் குளிரிலும் கமராவோடு நிற்பார்கள். எடுத்த படத்தைத் திகதி, இடம், பதிவு எழுத்து எல்லாம் போட்டு இணையத்தில் ஏற்றுவார்கள். அவர்களுக்கு அரசியல் இல்லை. விமானம் வடிவாக இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

அஸ்த்ரூபால் அந்த ஐந்து எழுத்துகளைத் தேடி, கிடைத்த படங்களைத் திகதி வரிசையில் அடுக்கினார். மறுபக்கத்தில், ஜனாதிபதி எந்தெந்த நாட்களில் எந்தெந்த நாட்டுக்கு உத்தியோகபூர்வமாகப் போனார் என்ற விபரத்தை அடுக்கினார். இரண்டும் பொருந்தவில்லை. ஜனாதிபதி நாட்டுக்குள் இருந்ததாகச் சொல்லப்பட்ட நாட்களில் அவருடைய விமானம் ஐரோப்பிய விமான நிலையங்களில் நின்றது. அப்படியென்றால் அரச விமானத்தில், அரச எரிபொருளில் போனது யார்? ஜனாதிபதியின் மனைவி லெய்லா ட்ரபெல்சியும் குடும்பமும் கடைகளுக்குப் போனார்கள் என்பது சனத்தின் பலமான சந்தேகம். கேள்விக்கு அரசாங்கம் விடை சொல்லவில்லை. அந்த வருஷமே டெய்லிமோஷன், யூரியூப் இரண்டும் துனிசியாவில் 404 ஆகிவிட்டன.

இந்தக் காணொளியில் எங்களுக்குப் பிடித்தது அதில் இல்லாத விஷயங்கள்தான். திட்டு இல்லை. 'நம்பத்தகுந்த வட்டாரம்' இல்லை. வேலியோரம் நின்று படமெடுத்தவருக்குத் துனிசியா பற்றி அக்கறையே இருந்திருக்காது, ஆனபடியால் அவர் பொய் சொல்லவும் காரணம் இல்லை. யார் வேண்டுமானாலும் அதே படங்களைத் தேடி எடுத்து, அதே கணக்கைத் திரும்பச் செய்து பார்க்கலாம். அஸ்த்ரூபாலை நம்ப வேண்டிய தேவையே வாசகருக்கு இல்லை. புனைபெயரில் எழுதிய ஒருவரால் ஒரு ஜனாதிபதியைக் கேள்வி கேட்க முடிந்தது அதனால்தான்.

விமானத்தை விடப் பெரிய களவு

ஆனால் ஒரு விமானம் எவ்வளவு எரிபொருள் குடிக்கும்? உண்மையான களவு வானத்தில் தெரியவில்லை, வர்த்தமானியில் இருந்தது.

பென் அலி போனபிறகு உலக வங்கி ஆய்வாளர்கள் அந்தக் குடும்பத்திடமிருந்து பறிமுதல் செய்யப்பட்ட கம்பனிகளின் கணக்கைப் பார்த்து, 2014இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். குடும்பத்தோடு தொடர்புள்ள 220 கம்பனிகள். அவை நாட்டின் தனியார் துறை வேலைவாய்ப்பில் கொடுத்தது ஏறத்தாழ 1 வீதம். ஆனால் தனியார் துறையின் நிகர இலாபத்தில் எடுத்தது 21 வீதம். இது எப்படிச் சாத்தியம்? தொலைத்தொடர்பு, விமானப் போக்குவரத்து போன்ற துறைகளில் புதிதாக யாரும் வர அனுமதி வேண்டும் என்று ஜனாதிபதி ஆணை போடுவார். அனுமதி குடும்பத்துக்குக் கிடைக்கும். மற்றவருக்குக் கிடைக்காது. கள்ளத்தனமாக ஒன்றும் இல்லை, எல்லாம் கையெழுத்தோடு, முத்திரையோடு, சட்டப்படி.

இப்படியான ஊழலைப் போன் கமராவால் பிடிக்க ஏலாது. இலஞ்சம் வாங்குகிற பொலிஸ்காரரைப் படமெடுக்கலாம், ஆணையை எழுதுகிறவரை எப்படிப் படமெடுக்கிறது? சமூக ஊடகத்தில் நாங்கள் பகிர்கிற ஊழல் அநேகமாகக் கண்ணுக்குத் தெரிகிற சின்ன ஊழல்தான் என்பதை இது ஞாபகப்படுத்துகிறது.

காகிதத்தில் இருந்தது வெளியே வரத் தொடங்கியது 2010 நவம்பர் 28 அன்று. விக்கிலீக்ஸ் அமெரிக்கத் தூதரகத் தந்திகளை வெளியிட்ட அதே நாள், துனிசியா பற்றியவற்றைத் தனியாக எடுத்து 'துனிலீக்ஸ்' என்று நவாத் போட்டது. 2009இல் ஜனாதிபதியின் மருமகன் ஸாஹிர் அல் மாத்ரியின் வீட்டில் அமெரிக்கத் தூதுவர் சாப்பிட்ட கதை அதில் இருந்தது. வீட்டில் பாஷா என்று ஒரு புலி. அதுக்கு ஒரு நாளைக்கு நான்கு கோழி. விருந்துக்கு யோகட் பிரான்ஸின் செயின்ட் ட்ரோபேயிலிருந்து விமானத்தில் வந்தது. மறுபடியும் விமானம்!

ரெதெயஃபும் சிடி பூசிதும்

'தந்திகள் வெளிவந்தன, சனம் பொங்கியது, பேஸ்புக் புரட்சி நடந்தது' என்று எழுதினால் கதை வடிவாக இருக்கும். ஆனால் அது சரியில்லை. தங்கள் ஆட்சியாளர் கள்ளர் என்று தெரிந்துகொள்ளத் துனிசியர்களுக்கு அமெரிக்கத் தூதுவர் தேவைப்படவில்லை.

இரண்டு ஊர்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம். முதலாவது ரெதெயஃப், பொஸ்பேற் சுரங்க ஊர். 2008 ஜனவரியில் அங்குள்ள சுரங்கக் கம்பனி வேலைக்கு ஆள் எடுத்த முடிவுகளை வெளியிட்டது. தெரிந்தவர்களுக்கே வேலை என்று சனம் வீதிக்கு இறங்கியது. ஆறு மாதம் போராட்டம். பொலிஸ் ஊரைச் சுற்றி வளைத்தது, சுட்டது, தொழிற்சங்கக்காரர்களைச் சிறையில் போட்டது. அதைப் படம்பிடித்து அனுப்பிய ஊடகவியலாளர் ஃபாஹிம் பூகதூஸுக்கு நான்கு வருஷத் தண்டனை. அப்போது பேஸ்புக்கில் இருந்த துனிசியர்கள் மிகச் சொற்பம். தலைநகரில் இருந்தவர்களில் எத்தனையோ பேருக்கு அப்படியொரு போராட்டம் நடப்பதே தெரியாது.

இரண்டாவது சிடி பூசித். 2010 டிசம்பர் 17 அன்று, தன் வண்டிலையும் தராசையும் பறித்ததை எதிர்த்து மொஹமட் பூஅஸீஸி என்ற மரக்கறி வியாபாரி அரச அலுவலகத்துக்கு முன்னால் தனக்குத் தானே தீ வைத்துக்கொண்டார். 2011 ஜனவரி 4 அன்று இறந்தார். இந்த முறை பேஸ்புக்கில் துனிசியர்கள் பத்து இலட்சத்தையும் தாண்டி இருந்தார்கள். ஊர்ச்சனம் போனில் எடுத்த காட்சிகள் அன்றே வெளியே போயின. அல் ஜசீராவுக்குத் துனிசியாவில் அலுவலகம் திறக்க அனுமதி இல்லாததால் அந்தக் காட்சிகளையே அது ஒளிபரப்பியது. இணையம் இல்லாத வீட்டுக்கும் தொலைக்காட்சி வழியாக அவை போய்ச் சேர்ந்தன. நவாத் போன்ற தளங்கள் காட்சிகளைத் திரட்டி, எந்த ஊர், எந்த நாள் என்று ஒழுங்குபடுத்திக் கொடுத்தன. தொழிற்சங்கக் கிளைகளும் சட்டத்தரணிகளும் வீதிக்கு வந்தார்கள். இதில் ஒன்று இல்லாமல் மற்றது இல்லை.

அம்மாரும் சும்மா இருக்கவில்லை. பேஸ்புக், ஜிமெயில் உள்நுழைவுப் பக்கங்களில் களவாகக் குறிமுறை புகுத்தி, துனிசியர்களின் கடவுச்சொற்களைத் திருடினார்கள். ஜனவரி 6 அன்று பதிவர்கள் கைதானார்கள். அவர்களில் ஒருவரான ஸ்லிம் அமாமு விடுதலையாகி, அதே மாதமே இளைஞர் விவகாரத்துக்கான அரச செயலாளராக ஆனது வேறு கதை.

ஜனவரி 14 பின்நேரம் பென் அலி சவூதி அரேபியாவுக்குத் தப்பினார். போனது அதே ஜனாதிபதி விமானத்தில்தான். வாலில் அதே ஐந்து எழுத்துகள்.

கதை அங்கே முடியவில்லை

சினிமா என்றால் அங்கே முடித்திருப்பார்கள். 2012 டிசம்பரில் ஒல்ஃபா ரியாஹி என்ற பதிவர் புதிய வெளிநாட்டு அமைச்சர் ரஃபீக் அப்துஸ்ஸலாமின் ஷெரட்டன் ஹோட்டல் பில்லுகளை வெளியிட்டார். அரச காசில் தங்கினாரா என்பது கேள்வி. புரட்சிக்குப் பிறகு வந்த, தேர்தலில் தெரிவான அரசாங்கம் அது. ஆனாலும் அடுத்த மாதம் வெளிநாடு போகத் தடை விழுந்தது அமைச்சருக்கு இல்லை, ரியாஹிக்கு.

ஆனபடியால் துனிசியர்கள் சட்டத்தைப் பிடித்தார்கள். 2016இல் தகவல் பெறும் உரிமைச் சட்டம். 2017இல் ஊழலை வெளிப்படுத்துகிறவரைப் பாதுகாக்கும் சட்டம். வேலியோரம் ஒளிந்து நின்று விமானத்தைப் பார்க்கத் தேவையில்லை, பயண விபரத்தைத் தா என்று எழுத்தில் கேட்கலாம் என்ற நிலை வந்தது.

பிறகு 2021 யூலை 25 அன்று ஜனாதிபதி கைஸ் சையத் பாராளுமன்றத்தை முடக்கினார். அடுத்த மாதம் ஊழல் ஒழிப்பு ஆணையத்தின் அலுவலகம் மூடப்பட்டது. 2022 செப்டம்பர் 13 அன்று ஆணைச்சட்டம் 54 வந்தது: இணையத்தில் 'பொய்ச் செய்தி' பரப்பினால் 5 வருஷம் வரை சிறை, அது அரச அதிகாரி பற்றியதென்றால் இரட்டிப்பு. எது பொய் என்று தீர்மானிப்பதில், யாரைப் பற்றி எழுதுகிறோமோ அவர்களின் கை ஓங்கியிருக்கிறது. 2024 மே மாதம் சட்டத்தரணி ஸோனியா தஹ்மானி தொலைக்காட்சியில் சொன்ன ஒரு கிண்டல் வசனத்துக்காகக் கைதானார். யஹ்யாவியின் பகிடிக் கேள்விக்கு 22 வருஷங்களுக்குப் பிறகு!

எங்கட பக்கம்

2007ஆம் ஆண்டு இலங்கையிலும் விமானக் கதை ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. 2006இல் உக்ரைனிலிருந்து மிக்-27 போர் விமானங்கள் வாங்கிய கொடுக்கல்வாங்கலைப் பற்றி 'சண்டே லீடர்' பத்திரிகை எழுதியது. அப்போது பாதுகாப்புச் செயலாளர் கோட்டாபய. ஆசிரியர் லசந்த விக்ரமதுங்க 2009 ஜனவரி 8 அன்று வேலைக்குப் போகிற வழியில் கொல்லப்பட்டார். இதுவரை ஒருவரும் தண்டிக்கப்படவில்லை. அஸ்த்ரூபாலுக்குப் புனைபெயர் இருந்தது, கடல்கடந்த தூரம் இருந்தது. லசந்தவுக்கு ஊரறிந்த பெயரும் போகிற வழியும் இருந்தன. வடக்கில் கொல்லப்பட்ட எங்கட ஊடகவியலாளர்களுக்கும் அப்படித்தான்.

2022 ஏப்ரல் 3 அன்று சமூக ஊடகங்களை அரசாங்கம் முடக்கியபோது, சில மணித்தியாலத்தில் எல்லாரும் வி.பி.என். போட்டுக்கொண்டோம். யூலை 9 அன்று ஜனாதிபதி மாளிகையில் கிடைத்த ஏறத்தாழ 1 கோடி 78 இலட்சம் ரூபாய்த் தாள்களை இளைஞர்கள் கமராவுக்கு முன்னால் எண்ணிப் பொலிஸிடம் ஒப்படைத்தார்கள். கமரா இல்லாவிட்டால் அந்தக் காசு இருந்ததென்றே நாடு அறிந்திருக்காது. ஆனால் அந்தக் காசு எங்கிருந்து வந்தது என்பதைக் கமராவால் சொல்ல முடியவில்லை.

எங்களிடமும் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. துனிசியாவின் சட்டம் வந்த அதே வருஷம். எங்களுக்கும் 2024 ஜனவரி 24 அன்று நிகழ்நிலைக் காப்புச் சட்டம் பாராளுமன்றத்தில் நிறைவேறியது. ஆணைக்குழு ஒன்று எது பொய்யான கூற்று என்று சொல்லலாம். இரண்டு நாடுகளும் ஒரே படியில் ஏறி, ஒரே படியில் சறுக்கியிருக்கின்றன.

இனி எங்கட சொந்தக் கதை ஒன்று. போன வருஷ லீவில் சிநேகிதி ஒருத்தியின் ஊரில் புதுசாகப் போட்ட கொங்கிறீற் வீதி சில மாதத்திலேயே வெடித்துப்போய்க் கிடந்தது. படம் எடுத்து, 'எங்கட வரிப்பணம் எங்க போச்சு?' எண்டு கேட்டுப் போட்டம். விறுவிறெண்டு பகிர்ந்தார்கள். பின்னூட்டத்தில் யாரோ ஒரு கொந்தராத்துக்காரரின் பேரைப் போட, நாங்களும் ஓமெண்டு விருப்பக்குறி போட்டம். இரண்டு நாளால் தெரிஞ்சுது, அந்த வீதிக்கும் அவருக்கும் சம்பந்தமே இல்லை. அவற்றை மகள் பள்ளிக்கூடத்துக்குப் போகேலாமல் அழுதவளாம். பதிவை நீக்கினம், மன்னிப்பும் எழுதினம். முதல் பதிவைப் பகிர்ந்தவர்களில் மன்னிப்பைப் பகிர்ந்தவர்களைக் கைவிரலால் எண்ணலாம்.

அதுக்குப் பிறகு அதே சிநேகிதி தகவலறியும் விண்ணப்பப் படிவத்தை நிரப்பி, அந்த வீதியின் மதிப்பீடு, அளவுப் பதிவு இரண்டினதும் பிரதியைக் கேட்டாள். 14 வேலைநாளுக்குள் முடிவு சொல்ல வேண்டும் என்பது சட்டம். ஒருமுறை நினைவூட்ட வேண்டி வந்தது. கடைசியில் சில பக்கப் பிரதிகள் வந்தன. மதிப்பீட்டில் இருந்த தடிப்பும், வெடித்த இடத்தில் ரேப்பால் அளந்த தடிப்பும் ஒன்றாக இல்லை. இரண்டையும் பக்கத்தில் வைத்து, ஒருத்தரின் பேரையும் போடாமல், ஊர்ச் சங்கத்தோடு போய்க் கடிதம் கொடுத்தோம். அந்தத் துண்டைக் கிண்டித் திரும்பப் போட்டார்கள். யாருக்கும் தண்டனை இல்லை. பேஸ்புக்கில் அது பெரிசாக ஓடவும் இல்லை.

அஸ்த்ரூபால் செய்தது இதுதானே என்று எங்களுக்கு அப்போதுதான் உறைத்தது. ஒரு பக்கத்தில் அவர்கள் சொன்னது, மறுபக்கத்தில் கண்ணால் கண்டது. நடுவில் இருக்கிற இடைவெளிதான் ஆதாரம். கோபம் அதைத் தேட வைக்கலாம், அதன் இடத்தில் நிற்க முடியாது. நாங்கள் முதல் போட்ட பதிவில் கோபம் மட்டும்தான் இருந்தது.

இதில் இன்னொரு விஷயமும் இருக்கு. 'பொய்ச் செய்தி' என்று சட்டம் கொண்டுவருகிறவர்களுக்கு எங்களைப் போன்றவர்களின் அவசரமான பதிவுதான் நல்ல சாட்டு. அந்தக் கொந்தராத்துக்காரரின் மகள் அழுததைக் காட்டி நாளைக்கு ஒரு அமைச்சர் தன்னுடைய கணக்கை மறைக்கலாம். அதனால் சரியாக இருப்பது எங்கட பாதுகாப்பு மட்டுமில்லை, எங்களுக்குப் பிறகு எழுதப்போகிறவர்களின் பாதுகாப்பும் கூட.

இப்ப எங்கட குழுவில் ஒரு பழக்கம் வைத்திருக்கிறோம். படம் எடுத்தால் திகதியும் இடமும் எழுதுகிறோம், மூலப்படத்தை வெட்டாமல் வைக்கிறோம். பேர் போட முன்னம் காகிதம் கேட்கிறோம். காகிதம் தர மறுத்தால், மறுத்த கடிதத்தையே பகிர்கிறோம். மெதுவான வேலைதான். ஆனால் எங்கேயோ ஓர் ஐரோப்பிய விமான நிலைய வேலிக்கு வெளியே நின்று, படத்துக்குக் கீழே திகதியை ஒழுங்காக எழுதி வைத்த அந்த முகம் தெரியாத ஆளும் மெதுவாகத்தான் வேலை செய்தார். தான் எடுத்த படம் எதுக்கு உதவியது என்று இன்றைக்கும் அவருக்குத் தெரியாமல் இருக்கலாம்.